அந்த

அரபி இரண்டாம் நிலைத் தேர்வுக்கு
இன்னும் பதினேழு நாள்.
நான் ஜப்பானிய எழுத்து பழகுகிறேன்.

"ஒண்ண முடிச்சிட்டு இன்னொண்ணத் தொடு.
ரெண்டு அடுப்புலயும் பால் வெச்சா
ஏதாவது ஒண்ணு பொங்கத்தான் செய்யும்"
என்கிறாள் அறைத்தோழி ஷெர்லின் மேபல்,
இரவுப்பணிக்கு வெள்ளைச் செருப்பைத் துடைத்தபடி.
அவள் வார்டுக்கு மூன்று வாக்கியம் போதும்:
வலிக்கிறதா, எங்கே, மூச்சை இழு.

நான் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில்
உப்பு அளக்கிறவள்.
சூர் நகரம் காலையில் வாய் கொப்பளிப்பது
நான் கையெழுத்திட்ட தண்ணீரில்.
கட்டுப்பாட்டு அறையில் நாற்காலி வேண்டுமென்றால்
அரபி தெரியவேண்டும் என்றார்கள்; சேர்ந்தேன்.
ஜப்பானியத்தை யாரும் கேட்கவில்லை.
புதுப் பம்புகள் வந்த மரப்பெட்டிகளின் மேல்
ஒரு குடை, ஒரு கண்ணாடிக் கோப்பை,
பக்கத்தில் ஒரு வரி.
குடை புரிந்தது. கோப்பை புரிந்தது.
வரி புரியாமல் இரண்டு நாள் தூக்கம் கெட்டது.
அவ்வளவுதான் காரணம்.

வகுப்பின் முதல் நாள்
ஸுவைனா டீச்சர் என் பெயரை வாயில் உருட்டிப் பார்த்தாள்.
பொற்கொடியின் முதல் ஒலி அவள் நெடுங்கணக்கில் இல்லை.
கம்பத்தில் வருகிற 'ப'தான் இருந்தது.
போர்க்கொடி ஆனேன்.
இரண்டையும் ஒரே எழுத்தில் எழுதுகிற என் நோட்டுக்கு
இந்தச் சண்டையே தெரியாது.

பம்ப் பொருத்த வந்த முரோய்
சாக்பீஸால் தரையில் எழுதிக் காட்டினார்:
இது ஹொ.
தலையில் இரண்டு கீற்று போட்டால் கம்பத்து ப.
சின்னதாய் ஒரு வட்டம் போட்டால்
உன் ப.

அதே வட்டம்
அரபியில் எழுத்தின் தலையில் ஏறினால்
உயிர் போய்விடும், நம் புள்ளி வைத்ததுபோல;
வெறும் மெய் கிடக்கும்.
எழுதச் சொல்லிக் கேட்கும் தேர்வில்
எல்லா மெய்க்கும் வட்டமிட்டு
மனதுக்குள் ப ப ப என்று படித்து
நாலு மதிப்பெண் போனது.

அனா என்றால் அரபியில் நான்.
ஜப்பானியத்தில் ஓட்டை.
நான் என்றால் ஜப்பானியத்தில் என்ன.
என் முதுகுக்குப் பின்னால் இரண்டும்
பேசி வைத்துக்கொண்டிருக்கின்றன போல.
பெண்பால் நீயை ஸுவைனா 'அன்தி' என்பாள்.
வகுப்பு மாலை ஆறு மணிக்கு;
ஒவ்வொரு முறையும் ஜன்னலைப் பார்த்துவிடுவேன்.

அரபியில் வினை முன்னால் ஓடிவிடுகிறது.
போனான்,
அப்புறம்தான் யார், எங்கே.
முரோயின் மொழியிலோ
எல்லாரும் இலையில் உட்கார்ந்த பிறகு
கடைசியாய் வருகிறது,
என் வாய்க்குப் பழக்கமான நேரத்தில்.
அதை அவரிடம் சொல்ல நினைத்து
'ஷுக்ரன்' என்று சொல்லிவிட்டேன்.

இரவு இரண்டரைக்கு மூன்றாம் பம்ப் நின்றது.
அழுத்தம் விழுந்து, விளக்குகள் சிவந்து,
சைஃப் படியில் தாவி இறங்கி முரோயிடம்
"அன்த!" என்று கத்தினான்.
அவனுக்கு அது வெறும் நீ.
கடவுளையும் அவன் அப்படித்தான் அழைப்பான்.
முரோய் ஊரிலும் அது நீதான்,
ஆனால் பொறுமை தீர்ந்த மனைவி
கதவருகே நின்று சொல்கிற நீ.
அவர் கையிலிருந்த ஸ்பேனர் அசையவில்லை.

நடுவில் நான்.
இருவருக்கும் விளக்கவேண்டும், எந்த மொழியில் என்று
தலைக்குள் தேடிக்கொண்டிருக்கும்போதே
வாய் தானாக
"அந்த..." என்றது.
இருவரும் திரும்பினார்கள்,
தன்னைத்தான் கூப்பிட்டதாக.
அப்புறம்தான் நீட்டியிருந்த விரலைப் பார்த்தார்கள்,
அது காட்டிய வால்வை,
யாரோ மூடிவைத்துவிட்டுப் போன வால்வை.
சொல்லவந்த பெயர்ச்சொல்
மூன்று மொழியிலும் வரவேயில்லை.

காலை அறிக்கையில் உப்பு முந்நூற்றுப் பன்னிரண்டு.
சரியான அளவுதான்.
கையெழுத்தில் ற் மேல் வைத்த புள்ளி
கொஞ்சம் பெரிதாகி, உள்ளே வெளுத்து,
வட்டமாகவே விழுந்திருந்தது.
அழிக்கவில்லை.

ஷெர்லின் வந்து செருப்பைக் கழற்றினாள்.
பால் வைத்தேன், ஒரே அடுப்பில்.
தேர்வுக்குப் பதினாறு நாள்.